பானையை எடை போட்டவர்

சோற்றைக் கண்டால் எல்லோருக்கும் பசிக்கும். சோற்றைக் கண்டால் சந்தேகம் வருகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவரும் எங்கள் உறுவையாற்றில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தார். அவர் பெயர் தராசுக்காரர்.

பிள்ளைகளே, அதுதான் அவருடைய நிஜப் பெயரா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு முறை வில்லியனூர் மேரியிலிருந்து, அதாவது கொம்யூன் அலுவலகத்திலிருந்து, வீடு வீடாகப் பெயர் எழுத ஒருவர் வந்தார். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், ஆனால் இன்னும் முழுக்கப் போகவில்லை என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அலுவலகத்துப் பலகை பிரெஞ்சில் இருக்கும், உள்ளே திட்டுவது தமிழில் இருக்கும். வந்தவர் வாசலில் நின்று, "வூட்டுக்காரரு பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். தராசுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவி செங்கேணி அக்கா மட்டும் இருந்தார். புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லக் கூடாது என்பது அந்த நாள் வழக்கம். அக்கா என்னைப் பார்த்தார். நான் எங்கள் வாசலில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ சொல்லேம்பா."

"எனக்கு எங்க தெரியும் அக்கா? தராசுக்காரருன்னுதான் தெரியும்."

அக்கா உள்ளே போய் ஒரு பழைய கைத்தராசை எடுத்துவந்து, எழுத வந்தவர் மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'தராசு' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அதன் பிறகு அரசாங்கத்துக்கும் அவர் தராசுதான்.

வில்லியனூர் சந்தையில் எடை போடுவது அவர் தொழில். கத்தரிக்காய், மிளகாய், புளி, மல்லாட்டை எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகும். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் வேர்க்கடலையைச் சொல்வோம். தராசு முள் நேராக நிற்கிறவரை அவர் மூச்சு விட மாட்டார். வாங்குகிறவனும் விற்கிறவனும் சண்டைக்கு நிற்கும்போது, "தராசுக்காரரு போட்டாரு" என்று ஒருவன் சொன்னால் போதும், சண்டை முடிந்துவிடும். நான் அப்போது சந்தைக்கு வண்டி ஓட்டினேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. மீதிப் படிப்பு, நல்லதோ கெட்டதோ, என் வண்டியில் ஏறியவர்கள் சொன்னதுதான். அதில் பாதிக்கு மேல் தராசுக்காரர் சொன்னது.

சோற்றின் மேல் அவருக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்று சொல்கிறேன். ஒரு சமயம் காலில் புண் வந்து புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்திருந்தார். அங்கே ஒரு பிரெஞ்சு டாக்டர். இவர் அவரை முசே, முசே என்று கூப்பிடுவார். அய்யா என்று அர்த்தம். புண் ஏன் ஆறவில்லை என்று முசேயைக் கேட்டிருக்கிறார். டாக்டர் ஒரு சிலேட்டில் மூன்று வட்டம் போட்டு, நீ ஒன்றைத்தான் சாப்பிடுகிறாய், மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டாராம். பக்கத்தில் இருந்த ஆள் அதைத் தமிழில் சொன்னாராம். புண் ஆறிவிட்டது. மூன்று வட்டம் மட்டும் தராசுக்காரர் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது.

நீங்கள் பள்ளிக்கூடத்தில் மாவுச்சத்து, புரதச்சத்து, கொழுப்புச்சத்து என்று படிக்கிறீர்களே, அதுதான் அந்த மூன்று வட்டம். அந்தப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. என் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, என் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே தாமாகப் பெயர் வைத்தார்.

"இத பாரு. சோறு, கேவுரு, கெழங்கு, இதெல்லாம் மாடு. மாடு இல்லாம வண்டி நவுராது. பருப்பு, மீனு, முட்ட, பாலு, இதெல்லாம் வண்டிப் பலக. தெனம் தேயும், தெனம் ஒரு பலக மாத்தணும். எண்ண, நெய்யி, தேங்கா, இதெல்லாம் அச்சுக்குப் போடற மை. மை கொஞ்சந்தான் வேணும். ஆனா போடாம வுட்டா இன்னா ஆவும்?"

"கத்தும்ணா."

"அதான். ஒடம்பு கத்துது, நமக்குக் காது கேக்கல."

"அப்ப மல்லாட்ட எதுல சேத்திண்ணா? பருப்பு மாதிரியும் கீது, ஆட்டினா எண்ணயும் வருது."

நான் சும்மாதான் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. சந்தையில் அன்றைக்கு மல்லாட்டை மூட்டை வரும்போதெல்லாம் ஒரு கொட்டையை உடைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சாயங்காலம் திரும்பும்போது, பாதி வழியில், "வண்டிய நிறுத்து" என்றார். நிறுத்தினேன்.

"மல்லாட்ட, மை தடவின பலக" என்றார். பிறகு நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு யார் இலையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவருக்கு வேலையாகிவிட்டது. சந்தைக்கு எதிரில் ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே ஒரு மாட்டுத் தரகர் தினமும் வருவார். இலையில் சோறு குவிந்து அவர் முகத்தையே மறைக்கும். நடுவில் குழி தோண்டிக் குழம்பை ஊற்றி, கரை உடையாமல் அணை கட்டுவார். ஒரு நாள் தராசுக்காரர் போய் அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"இன்னாய்யா, நாலு சோடி மாடு பூட்டிக் கீற. வண்டி எங்க?"

தரகர் வாயில் சோற்றோடு வெளியே கையைக் காட்டினார். "அதோ புளியமரத்தாண்ட நிக்குது. இன்னா ஏத்தணும்?"

"நான் இலைல கேக்கறன்."

"இலைல எவனாச்சும் வண்டி வுடுவானாய்யா?"

தராசுக்காரர் பொறுமையாக மாடு, பலகை, மை மூன்றையும் விளக்கினார். தரகர் மென்றுகொண்டே கேட்டார். மாடு என்றாலே அவருக்கு மரியாதை. கடைசியில் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "இவருக்கு ஒரு கிண்ணம் பருப்பு குடுப்பா. பாவம், நான் துன்றதப் பாத்து இன்னாமோ பேசறாரு" என்றார்.

கிருமாம்பாக்கத்தில் ஒரு கல்யாணம். என் வண்டியில்தான் போனோம். பந்தியில் சோறு வந்தது, சாம்பார் வந்தது. மறுபடி சோறு, வத்தக்குழம்பு. மறுபடி சோறு, ரசம். தராசுக்காரர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான்காவது தடவை சோற்றுக் கூடை வந்தபோது இலைமேல் இரண்டு கையையும் வைத்து மறைத்துக்கொண்டு, "இன்னாப்பா, மாட்டு மேல மாட்ட ஏத்திக்கினே போறீங்க, அந்தப் பருப்பு வாளி ஒரு வாட்டி வந்துது, அப்பால அது எந்த ஊருக்குப் போச்சி?" என்றார். பரிமாறியவர் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. அவர் அங்கேயே கூடையை வைத்துவிட்டு, "பருப்பு இல்லாத வூட்ல பொண்ணு எடுத்துக்கினோம்னு சொல்றியா?" என்றார். பெண் வீட்டார் எழுந்தார்கள். பிள்ளை வீட்டாரும் எழுந்தார்கள். நான் கைகூடக் கழுவாமல், "அவரு ஒடம்பு சரியில்லாதவருங்க, ஆஸ்பத்திரில இருந்து வந்தவரு" என்று கும்பிட்டேன். அவரைச் சமையல்காரர்கள் பக்கம் தனியாகக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். தண்டனை என்று நினைத்தார்கள். அவர் பருப்பு அண்டாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்ததே என்று சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அவர் பேச்சைக் கேட்டுக் கெட்டவரும் உண்டு. எங்கள் தெருக்கோடிக் கொல்லருடைய மகன், சிலம்பம் ஆடுகிற வாலிபன். பலகை என்றால் பலம் என்று எடுத்துக்கொண்டான். சோற்றைக் கண்ணால் பார்க்காமல் பத்து நாள் முட்டை, பருப்பு, மல்லாட்டை என்றே தின்றான். பதினோராம் நாள் கம்பைத் தூக்கினான், கம்பு அவனைத் தூக்கிப் போட்டது. வயிறு கல்லாகக் கட்டிக்கொண்டு கண் சுழன்று கிடந்தான். கொல்லர் சம்மட்டியோடு தராசுக்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"எம் புள்ளைக்கு இன்னாடா சொல்லிக் குடுத்த?"

தராசுக்காரர் சம்மட்டியைப் பார்க்கவே இல்லை. அவருக்கு அவன் செய்த தப்புதான் பெரிதாகத் தெரிந்தது. "மாட்ட அவுத்து வுட்டுட்டு வெறும் வண்டில ஏறி ஒக்காந்துக்கினா, வண்டி எங்கய்யா போவும்? மூணும் வேணும்னு சொன்னன். ஒண்ண வச்சிக்கினு ரெண்ட வுடுன்னு சொன்னனா?" என்று கொல்லரையே அதட்டினார். கொல்லர் யோசித்துப் பார்த்துவிட்டு, வந்ததற்கு அவர் வீட்டு அரிவாள்மணையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படி ஊருக்கெல்லாம் சொன்னவர் தன் வீட்டை விடுவாரா? காலையில் சந்தைக்குக் கிளம்புமுன் அடுப்படியில் தராசோடு உட்கார்ந்துவிடுவார். வீட்டில் நாலு பேர். அவர், செங்கேணி அக்கா, ஏர் ஓட்டுகிற இரண்டு மகன்கள். நாலு பேருக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று முள் நிற்கிறவரை பார்த்து அளந்து கொடுப்பார். எண்ணெய்க்குத் தனிக் கரண்டி. கடற்கரையிலிருந்து மீன் கூடையோடு அஞ்சலை என்று ஒரு அம்மா வரும். அது கூடையை இறக்கியதும், "நாலு பேரு, தலைக்கு ரெண்டு துண்டு" என்று எட்டுத் துண்டு வாங்கி, அதையும் தராசில் வைத்துப் பார்ப்பார். கீரைக்கு மட்டும் எடை கிடையாது. "அது மாட்டுக்குப் புல்லு, எவ்ளோ வேணா போடு" என்பார்.

"ஏய்யா தராசு, மீனையுமா எடை போடுவ? மீனு வெக்கப்படுது பாரு" என்று அஞ்சலை சிரிக்கும்.

அவர் சந்தையில் எல்லோரிடமும் சொல்வார்: "எம் வூட்டுப் பான மாதிரி ஒரு பான இந்தக் கொம்யூன்லயே கெடையாது. மூணும் சமமா கொதிக்குது." நானும் நம்பினேன். நானே பார்த்தேனே, முள் நேராகத்தான் நின்றது.

அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் செங்கேணி அக்கா வயலில் விழுந்துவிட்டார்.

கொடியைப் பிடித்து இழுத்தவர் அப்படியே உட்கார்ந்து, சாய்ந்துவிட்டார். பக்கத்தில் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் காற்று கருப்பு என்றார்கள், வேப்பிலை கொண்டுவரச் சொன்னார்கள். நான் வண்டியைப் பூட்டினேன். அக்காவைத் தூக்கி வைக்கோல்மேல் படுக்கவைத்தபோதுதான் பார்த்தேன். உதடு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. காலில் விரல் பட்ட இடம் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. அடுத்த வீட்டில் இருந்து தினமும் பார்க்கிற முகம்தான். வெளுத்துக்கொண்டே வந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

வில்லியனூர் ஆஸ்பத்திரியில் இருந்தது தமிழ் டாக்டர்தான், ஆனால் தராசுக்காரருக்கு எல்லா டாக்டரும் முசே. டாக்டர் அக்காவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"ரத்தமே இல்லையே. இந்த அம்மா சரியாவே சாப்பிடறதில்ல."

தராசுக்காரர் அதுவரை அழுதுகொண்டிருந்தார். அதைக் கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "யாரு வூட்ல முசே? எங்க வூட்லயா? நாலு பேருக்கு எவ்ளோ அரிசி தெரியுமா? எவ்ளோ பருப்பு தெரியுமா? எண்ண ஒரு கரண்டி கொறையாது. தலைக்கு ரெண்டு துண்டு மீனு. இவரக் கேளுங்க, பக்கத்து வூட்டுக்காரரு." என்னை முன்னால் இழுத்துவிட்டார்.

"ஆமாங்க, தராசுல போட்டுத்தான் குடுப்பாரு" என்றேன்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க என்ன வேணா அளந்து குடுங்க. இந்த உடம்புல அது போய்ச் சேரல. மருந்து தர்றேன். சாப்பாடு இல்லாம மருந்து மட்டும் ஒண்ணும் பண்ணாது. இப்பவே இதயம் கஷ்டப்படுது. இன்னொரு தடவ இப்படி விழுந்தா, தூக்கிட்டு வர்ற வரைக்கும் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது தராசுக்காரர் மாட்டைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கவில்லை. அக்காவின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். "நீ வா. நீதான் சாட்சி."

"எதுக்குண்ணா?"

"அவ துன்றதப் பாக்கணும். எங்களுக்குக் கண்ணாலம் ஆயி இருவது வருசத்துக்கு மேல ஆவுது. அவ துன்னு நான் பாத்ததே இல்ல."

பிள்ளைகளே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் எல்லார் இலையையும் பார்த்தவர். ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன? வீட்டுக்காரர் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, எல்லாரும் எழுந்து போன பிறகுதான் பெண்கள் அடுப்போரம் உட்காருவார்கள். அந்த நேரம் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் போகிறதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு கீற்றுத் தட்டி இருந்தது. அதற்குப் பின்னால், எருக்குழி ஓரத்தில், இரண்டு ஆம்பிளைகள் குந்தி உட்கார்ந்தோம். ஒரு கோழி வந்து தராசுக்காரர் காலைக் கொத்தியது. அவர் அசையவில்லை. ஓட்டை வழியாக அடுப்படி தெரிந்தது. மகன்கள் சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

தட்டில் சோற்றைப் போட்டார். சோறு நிறையவே இருந்தது. மீன் சட்டியைச் சாய்த்தார். குழம்பு வந்தது. கரண்டியால் துழாவினார், ஒரு வால் முள் வந்தது. பருப்புச் சட்டியில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் சோற்றில் ஊற்றிக்கொண்டார். யாரோ துரத்துவது போல அவசரமாகச் சாப்பிட்டார். வால் முள்ளை மட்டும் ரொம்ப நேரம் சப்பினார்.

தராசுக்காரர் கையில் விரல்கள் மடங்கிக்கொண்டிருந்தன. எட்டு மடக்கினார். பிரித்தார். மறுபடி எட்டு மடக்கினார். பிறகு எழுந்து நேராக வேப்பமரத்தடிக்குப் போனார்.

"இன்னிக்கி மீனு எத்தினி துண்டுடா துன்ன?"

பெரியவன் விழித்தான். "மூணு நைனா."

"நீ?"

"எனக்கும் மூணு" என்றான் சின்னவன். "யம்மாதான் போட்டுது. வேணாம்னாலும் போடும்."

"ரெண்டு நானு. எட்டு." அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார். "பான சரியாத்தாண்டா இருந்துது. பானையா வயல்ல வுழுந்துது?"

மறுநாள் காலை அஞ்சலை வந்தபோது தராசுக்காரர் மீனை எடை போடவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அஞ்சலை சிரிக்கும் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கூடைக்குள் கையை விட்டுக்கொண்டே, "கட்டுமரத்தாண்டயே நின்னு மீனு வாங்கறவ நானு. எங்கூட்ல எனக்கு இன்னா தெரியுமா? தல. நல்ல நாளு வந்தா வாலும் சேத்து" என்று சொல்லிவிட்டு, இரண்டு துண்டு அதிகமாக எடுத்து வைத்தது. "இது அவளுக்கு. பானைல போடாத, அவ தட்டுல போடு."

தட்டில் போடுவது அவ்வளவு லேசாக இல்லை. அன்று மத்தியானம் தராசுக்காரர் சந்தைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். நானும் போயிருந்தேன். தானே கரண்டியை எடுத்து முதல் தட்டில் சோறு இரண்டு கை, பருப்பு ஒரு கை, மேலே நல்லெண்ணெய், பக்கத்தில் மூன்று துண்டு மீன் வைத்து, "செங்கேணி, ஒக்காரு" என்றார்.

"யாருக்கு இது?"

"ஒனக்கு."

அக்கா பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். "நீங்க மூணு பேரும் துன்னாம நான் துன்றதா? ஊரு காறித் துப்பும். பசங்க ஏரு ஓட்டிட்டு வந்துக் கீதுங்க. கஷ்டப்படறவங்க நீங்க."

"நீ இன்னா ஊஞ்சல்லயா ஆடிக்கினு கீற?"

"எனக்கு அது போதும்யா. நீ போய்யா அந்தாண்ட."

அவர் திரும்பிய நேரத்தில் அக்கா மூன்று துண்டு மீனையும் எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டார். அவர் பார்த்துவிட்டார். மறுபடி தட்டில் வைத்தார். அக்கா மறுபடி சட்டியில் போட்டார். மீன் இப்படிப் போய்ப் போய் வந்ததில் உடைந்தே போனது. கடைசியில் தராசுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தட்டுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நீ துன்னாதான் நான் துன்னுவன். பசங்களும் அப்டித்தான். டேய், ஒக்காருங்கடா."

மகன்கள் உட்கார்ந்தார்கள். விடியற்காலையிலிருந்து ஏர் ஓட்டியவர்கள். குழம்பு வாசனை வேறு. பெரியவன் வயிறு சத்தம் போட்டது, எல்லோருக்கும் கேட்டது. பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் எட்டிப் பார்த்து, "இன்னாடி, பொண்டாட்டிக்குப் பரிமாறிக்கினு ஒக்காந்துக் கீறாரு தராசு" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சோறு ஆறியது. வெயில் அடுப்படியை விட்டு வெளியே போனது. எனக்கே பசி தாங்கவில்லை, ஆனால் அந்த வீட்டை விட்டு எழுந்து போகவும் மனசு வரவில்லை.

சின்னவன்தான் முதலில் உடைந்தான். "யம்மா, துன்னும்மா. சாயங்காலம் ஏரு பூட்டணும். எனக்குக் கண்ணு இருட்டுது."

அந்த வார்த்தை அக்காவை எப்படிப் பிடித்ததோ, தெரியவில்லை. அவருக்குக் கண் இருட்டியது யாருக்கும் தெரியாமல் எத்தனை நாளோ? முந்தானையை விலக்கினார். தட்டின் முன்னால் உட்கார்ந்தார். எங்களுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, மீனில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். தராசுக்காரர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"முழுங்கிட்டியா?"

"முழுங்காம கன்னத்துல வச்சிக்கினா கீறன்? நீயும் துன்னு. பசங்களுக்குப் போடு."

அவர் அக்காவின் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான்தான் பரிமாறினேன்.

ஒரு நாளில் உடம்பு தேறிவிடவில்லை. அந்த வீட்டில் எத்தனையோ மத்தியானம் சண்டை நடந்தது. அக்கா பருப்பை வெற்றிலைக்குள் மடித்து ஒளித்துவைத்து, பிறகு மகனுக்குக் கொடுக்கும்போது மாட்டிக்கொண்டதும் உண்டு. தராசுக்காரர் காலையில் அடுப்படியில் எடை போடுவதை விட்டுவிட்டார். மத்தியானம் வண்டி கிடைக்காவிட்டால் வில்லியனூரிலிருந்து வேகு வேகு என்று நடந்தே வந்து தட்டுக்கு எதிரில் உட்காருவார். சந்தையில் எடைக்காகக் காத்திருந்தவர்கள் திட்டினார்கள். ஆஸ்பத்திரி மருந்தும் தீர்ந்து, மறுபடி வாங்கி, அடுத்த மல்லாட்டை பிடுங்கும் காலம் வந்தது. செங்கேணி அக்கா வயலில் எல்லாருக்கும் முன்னால் போனார். காலில் பள்ளம் விழவில்லை. பின்னால் வந்த பெண்ணைப் பார்த்து, "இன்னாடி தூங்கற, இழு" என்று அவர் போட்ட சத்தம் ரோட்டில் வண்டியில் இருந்த எனக்குக் கேட்டது. தராசுக்காரருக்கும் கேட்டது. அவர் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

ஆனால் சந்தையில் அவர் தொல்லை இரண்டு மடங்கானது. முன்னே அடுத்தவன் இலையைப் பார்ப்பார். இப்போது இலையைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுக் கடையில் மாட்டுத் தரகர் எதிரில் போய் உட்கார்ந்து, "வூட்ல அவங்க இன்னா துன்னாங்க இன்னிக்கி?" என்று கேட்டார்.

"யாரு?"

"சம்சாரம்."

தரகர் சோற்று மலையை விட்டுத் தலையைத் தூக்கினார். "துன்னிருப்பா."

"இன்னா துன்னிருப்பா?"

"அது… இருந்தத துன்னிருப்பா." அதைச் சொல்லிவிட்டுத் தரகர் கொஞ்ச நேரம் மெல்லவில்லை.

சிலர் அடிக்க வந்தார்கள். என் வீட்டு அடுப்படியைக் கேட்க நீ யார் என்றார்கள். அவர் பின்வாங்கவில்லை. "நான் தப்பு பண்ணவன்யா. எம் பொண்டாட்டி செத்துப் போயிருப்பா. எட்டுத் துண்டு வாங்கினன், எட்டும் நாங்களே துன்னுட்டம், அத எடை போட்டுப் பெருமையும் பேசிக்கினு இருந்தன்" என்று நடுச் சந்தையில் சத்தமாகச் சொல்வார். அடிக்க வந்தவன் கையை இறக்கிவிடுவான். இந்த வயசுவரை எத்தனையோ பெரிய மனுஷர்களைப் பார்த்துவிட்டேன், பிள்ளைகளே. செய்த நல்லதைச் சொல்லிக்கொள்பவர்களே அதிகம். செய்த தப்பை இப்படிக் கூவிக் கூவிச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். எருக்குழி ஓரத்திலிருந்து எழுந்து வந்த அன்று, வீட்டுக்குள் போய் உங்கள் அம்மாவிடம், "நீ இன்னா துன்ன?" என்று கேட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்து அவளும் நிறுத்திவிட்டாள். சட்டியைத் திறந்து பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் அம்மா, "நீங்க எல்லாம் சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிடறேன்" என்றபோது, நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தேனே. உங்களுக்குப் பசி, அப்பா இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாரே என்று முணுமுணுத்தீர்கள். அந்தப் பிடிவாதம் என்னுடையது இல்லை, பிள்ளைகளே. அது எங்கள் தராசுக்காரருடையது. அவர் இப்போது இல்லை, அதனால் நான் வைத்திருக்கிறேன்.